மனம் சாத்தும் கதவுகள்

சென்ற மாதம் இப்பகுதியில் மனனஞ் செய்தல் பற்றி எழுதியதைப் படித்த தாயார் ஒருவர், கவலை தோய்ந்த கடிதமொன்றை எனக்கு அனுப்பியிருக்கிறார். அவருடைய மகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மாலையில் மேசைக்குமுன் அமர்ந்து சிறிது நேரம் கணிதஞ் செய்வாள். பின்னர் இரசாயனவியல் நூலை எடுப்பாள். அதனையும் மூடிவிட்டு மீண்டும் கணிதக் கொப்பியை விரிப்பாள். "சற்றுமுன் தானே பாதியிற் செய்துவைத்த கணக்கை, வேறு யாரோ எழுதிய கணக்குப்போல வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கு ஞாபகசக்தி குறைகிறதோ என்று பயமாயிருக்கிறது" என்பது அத்தாயாரின் முறைப்பாடு.

கடிதத்தைக்கொண்டு நோயறிவது என் தொழிலன்று. ஆயினும், அவர் விவரித்திருப்பது நல்ல நிலையிலுள்ள எந்த மனத்திலும் நாள்தோறும் நிகழ்வதுதான் என்பதை அஞ்சாமற் கூறலாம். இவ்வளவையும் ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால், அக்கடிதம் நான் செய்த பழைய பிழையொன்றையும் கிளறிவிட்டது. ஆதலால் இவ்வாரம் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தேன். என் பிழையைப் பின்னர் சொல்லுகிறேன்; முதலிற் பொருளைப் பார்ப்போம்.

கடிகாரத்தோடு ஒரு சோதனை

ஒரு வேலையை விட்டு மற்றொரு வேலைக்கு மனம் செல்லும்போது, விடப்பட்ட வேலை என்னவாகிறது? மேசையில் வைத்துவிட்ட புத்தகம்போல அது இருந்த இடத்தில் அப்படியே கிடக்கிறது என்றும், வேண்டியபோது கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றுமே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் சரியானதா என்பதைக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, ஆதர் ஜேர்சில்ட் என்னும் அமெரிக்க உளநூலறிஞர். அவருடைய ஆய்வு 1927ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவர் கையாண்ட முறை மிக எளியது. வாசகர்கள் இன்று பிற்பகலே வீட்டிற் செய்து பார்க்கலாம். இரண்டிலக்க எண்கள் இருபதை ஒரு தாளில் ஒன்றன்கீழொன்றாக எழுதுங்கள். முதலில் ஒவ்வோர் எண்ணுடனும் 6ஐக் கூட்டி விடையை வாய்விட்டுச் சொல்லுங்கள். எத்தனை செக்கன் சென்றது என்று ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். அடுத்து, வேறு இருபது எண்களை எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் 3ஐக் கழித்துச் சொல்லுங்கள். மூன்றாவதாக, மற்றுமிருபது எண்களை எடுத்து, முதலெண்ணுக்குக் கூட்டல், அடுத்ததற்குக் கழித்தல், மீண்டும் கூட்டல், மீண்டும் கழித்தல் என மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கூட்டலும் தெரிந்ததே, கழித்தலும் தெரிந்ததே; ஆயினும் மூன்றாம் முறை பெரும்பாலோருக்கு நேரங் கூடும்; பிழையும் மலியும். அந்த மேலதிக நேரமே, வேலை மாறுவதற்கு மனம் கட்டும் ஆயம்.

ஜேர்சில்ட் மற்றொன்றையுங் கண்டார். எண் வரும்போது கழித்தலும், சொல் வரும்போது அதற்கு எதிர்ச்சொல் கூறுதலுமாக மாறிமாறி வந்தபோது, இந்த ஆயம் மறைந்துவிட்டது. காரணம் வெளிப்படை. "பகல்" என்னும் சொல்லைக் கண்டவன் அதிலிருந்து மூன்றைக் கழிக்க எண்ணமாட்டான். கண்ணிற்படும் பொருளே இன்ன வேலை செய் என்று சொல்லிவிடுகிறது. ஆனால், 47 என்னும் எண் கூட்டு என்றும் சொல்லவில்லை, கழி என்றும் சொல்லவில்லை. இரண்டு வேலைகளும் அதன்மேல் உரிமை கொண்டாடுகின்றன. 1976இல் ஸ்பெக்டர், பீடர்மன் என்னும் இருவர் இச்சோதனையைத் திரும்பச் செய்து, எண்களுக்கருகே கூட்டற்குறியையோ கழித்தற்குறியையோ எழுதிவைத்தால் ஆயம் வெகுவாகக் குறைகிறதென்று காட்டினர். இந்தச் சிறு குறியை நினைவில் வைத்திருங்கள். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

எளியதற்குத் திரும்புதலே கடினம்

ஆயத்தஞ் செய்துகொள்ளப் போதிய அவகாசம் கொடுத்தால் ஆயம் முற்றாக நீங்கிவிடுமா என்னும் வினா அடுத்து எழுந்தது. 1995இல் ரொஜர்ஸ், மொன்செல் ஆகியோர் இதனைச் சோதித்தனர். அடுத்த வேலை எதுவென்று முன்னரே தெரிந்து, அதற்கு ஆயத்தஞ் செய்ய நேரமும் கிடைத்தபோது தாமதம் குறைந்தது. ஆனால், முற்றாகப் போகவில்லை. அரைச் செக்கனுக்கு மேலும் அவகாசம் அளித்தபோதும் ஒரு பங்கு எஞ்சியே நின்றது. ஆகவே, புதிய வேலைக்கு ஆயத்தமாவது மட்டும் இங்கே நிகழவில்லை. முன் செய்த வேலையிலிருந்து ஏதோவொன்று தொடர்ந்து வருகிறது.

அது யாதென்பதற்கு ஒரு விசித்திரமான குறிப்பு அதற்கு முந்திய ஆண்டிலே கிடைத்திருந்தது. 1935இல் ஸ்ட்ரூப் என்பவர் வெளியிட்ட சோதனையைப் பலர் அறிவர். "சிவப்பு" என்னும் சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லும்படி கேட்டால் நாம் தடுமாறுகிறோம். சொல்லை வாசிப்பது பழக்கத்தால் அவ்வளவு வலிமை பெற்றுவிட்டது. 1994இல் அல்போட் என்பவரும் அவருடைய துணைவர்களும், ஒருகால் நிறத்தைச் சொல்லுதல், ஒருகால் சொல்லை வாசித்தல் என மாற்றி மாற்றிச் செய்யும்படி பணித்தனர். எளிய வேலையாகிய வாசிப்புக்குத் திரும்புவது இலகுவாயிருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடந்ததோ மறுதலை. கடினமான நிறஞ்சொல்லலுக்கு மாறுவதைவிட, எளிய வாசிப்புக்கு மாறுவதே அதிகம் தாமதப்பட்டது.

ஏன்? நிறத்தைச் சொல்லவேண்டுமானால், வாயை முந்திக்கொண்டு வரும் வாசிப்பை மனம் அடக்கி வைக்கவேண்டும். வலியது எதுவோ அதனையே பலமாக அடக்கவேண்டியிருக்கிறது. பிறகு அதே வாசிப்பு வேண்டும் என்றவுடன், போட்ட தளையை உடனே அவிழ்க்க முடிவதில்லை. இவ்விளக்கத்தை ஆராய்ச்சியாளர் எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. முன் செய்த வேலையின் தாக்கம் மனத்தில் எஞ்சி நிற்பதனாலும் இத்தகைய தாமதம் ஏற்படலாமென்று வாதித்தோர் உளர். இரண்டில் எது மெய்யென்று பிரித்தறிய, கூரிய சோதனையொன்று வேண்டியிருந்தது.

மூன்று வேலைகளின் சோதனை

அச்சோதனையை உல்றிச் மாயர், ஸ்டீவன் கீல் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் இரண்டு வேலைகளுக்குப் பதிலாக மூன்று வேலைகளை எடுத்தனர். திரையில் நான்கு உருவங்கள் தோன்றும். நிறத்தால் வேறுபட்டது எது, சாய்வால் வேறுபட்டது எது, அசைவால் வேறுபட்டது எது என்பவற்றுள் ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டும். எதனைத் தேடுவது என்பதை, உருவங்கள் தோன்றுமுன் ஒரு சொல் அறிவிக்கும்.

இப்போது இரண்டு வரிசைகளை ஒப்பிடுங்கள். முதல் வரிசை: நிறம், சாய்வு, மீண்டும் நிறம். இரண்டாம் வரிசை: அசைவு, சாய்வு, பின்னர் நிறம். இரண்டிலும் மூன்றாம் வேலை நிறமே. இரண்டிலும் அதற்குச் சற்றுமுன் செய்தது சாய்வே. வேறுபாடு ஒன்றுதான். முதல் வரிசையில் நிறத்தேடலை அண்மையிலே செய்து விட்டிருக்கிறோம். இரண்டாவதில் அதனை விட்டு நெடுநேரமாயிற்று. எஞ்சிய தாக்கமே எல்லாவற்றுக்கும் காரணமானால், அண்மையிற் செய்த வேலைக்குத் திரும்புவது எளிதாயிருத்தல்வேண்டும். இரும்பு இன்னும் சூடாக இருக்கிறதல்லவா? ஆனால், கண்டது நேர்மாறு. சற்றுமுன் விட்ட வேலைக்குத் திரும்பியவர்களே அதிகம் தாமதித்தனர். வேலைகள் எந்த வரிசையில் வரும் என்பதை முழுமையாக முன்கூட்டியே அறிந்திருந்தபோதும் இத்தாமதம் தோன்றியது.

இதிலிருந்து அவர்கள் கொண்ட முடிபு இது: புதிய வேலைக்குப் போகும்போது மனம் பழையதை வெறுமனே விட்டுச்செல்வதில்லை, அதனைப் பின்னோக்கித் தடுத்துவிட்டுச் செல்கிறது. ஓர் அறையிலிருந்து வெளியேறுபவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் இட்டுச் செல்வதுபோன்றது இது. அத்தாழ்ப்பாள் காலஞ் செல்லச் செல்லத் தானாகவே தளரும் இயல்புடையது. ஆதலின், நெடுநேரத்துக்குமுன் சாத்திய கதவு இலகுவில் திறக்கிறது. இப்போதுதான் சாத்திய கதவோ சற்று முரண்டு பிடிக்கிறது. இத்தாமதத்தின் ஒரு பகுதி, பழைய அனுபவத்தை நினைவிலிருந்து எடுக்கும்போது அது புதிய நிலைமைக்குப் பொருந்தாமையால் வருவது என்று அண்மைக்கால ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. எவ்வளவு பங்கு தடை, எவ்வளவு பங்கு நினைவு என்னும் கணக்கு இன்னும் தீரவில்லை.

இத்தடையை ஒரு குறைபாடென்று எண்ணிவிடலாகாது. அது இல்லாதவிடத்து நேர்வதைப் பாருங்கள். நிறத்தாலோ வடிவத்தாலோ எண்ணிக்கையாலோ சீட்டுக்களைப் பிரித்தடுக்கும் சோதனையொன்று உண்டு. விதி முன்னறிவிப்பின்றி மாறும். மூளையின் முன்பகுதியில் அறுவைச் சிகிச்சை பெற்ற நோயாளரை இச்சோதனையால் ஆராய்ந்த பிரெண்டா மில்னர், அவர்களுட் பலர் விதி மாறிய பின்னரும் பழைய விதியையே பிடித்துக்கொண்டு நின்றதை 1963இல் வெளியிட்டார். பிழையென்று சொல்லச் சொல்லவும் அவர்களுடைய கை பழைய வழியிலேயே சென்றது. 2006இல் மாயரும் பிறரும் செய்த ஆய்வில், முன்மூளையின் வலப்பக்கம் பாதிப்புற்றோரிடம் மேற்சொன்ன பின்னோக்கிய தடை காணப்படவில்லை. பழையதைச் சாத்த அறியாத மனம் புதியதிற் புகமுடியாது. கணிதத்தைச் சாத்தியதனாலேதான் அந்தப் பிள்ளையால் இரசாயனவியலைப் படிக்க முடிந்தது.

நான் செய்த பிழை

இனி என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் கல்லூரியிற் பேச்சுப்போட்டி நடந்தது. என் வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கிலப் பேச்சில் முதலிடம் பெற்றான். அது முடிந்தவுடனே தமிழ்ப் பேச்சு. அதிலும் அவனுடைய பெயரே முதலில் அழைக்கப்பட்டது. தமிழிற் சிறந்த பேச்சாளன் அவன். வீட்டிலும் தமிழன்றி வேறு மொழி இல்லை. மேடையேறியவன் மூன்றாம் வாக்கியத்தில் நின்றுவிட்டான். "பொறுப்பு" என்னும் சொல் அவனுக்கு வரவில்லை. அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லே வாயில் வந்தது. சபை சிரித்தது. அவன் மேலுஞ் சில வாக்கியங்களை இழுத்துப் பறித்துச் சொல்லிவிட்டு இறங்கினான்.

நான் அவனை ஆசிரியர் அறைக்கு அழைத்தேன். "நாலு வார்த்தை இங்கிலீசு பேசியதும் தாய்மொழி மறந்துபோயிற்றோ?" என்று மற்ற ஆசிரியர்கள் கேட்கவே சொன்னேன்.

"மறக்கவில்லை, சேர். சொல் உள்ளுக்கு நிற்கிறது. வெளியில் வர விடுகிறதில்லை" என்றான் அவன்.

அதனைச் சாட்டு என்றே நான் கொண்டேன். அதன்பின் அவன் எந்த மேடையிலும் ஏறவில்லை.

ஈராண்டுகள் கழித்து, வேறொரு தேவைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, மியூற்றர், அல்போட் ஆகிய இருவர் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்று கண்ணிற்பட்டது. இருமொழி அறிந்தோரை, இலக்கங்களை ஒருகால் ஒரு மொழியிலும் ஒருகால் மற்ற மொழியிலுமாகப் பெயரிடச் செய்தனர். நன்கு தெரிந்த மொழிக்குத் திரும்பும்போதே தாமதம் அதிகமாயிருந்தது. குறைவாகத் தெரிந்த மொழியிற் பேசவேண்டுமானால் வலிய மொழியைப் பலமாக அடக்கவேண்டும். அந்த அடக்கமே திரும்பும்போது வழிமறிக்கிறது. 2012இல் சீனமும் ஆங்கிலமும் அறிந்தோரிடம் செய்த ஆய்வும் இதற்கு இசைவானது. முதலில் ஆங்கிலத்தில் தொடர்ச்சியாகப் படங்களைப் பெயரிட்டுவிட்டுப் பின்னர் தாய்மொழிக்கு வந்தவர்களின் மூளை மின்னலைகள், தாய்மொழி அடக்கப்பட்டிருந்ததற்கான அறிகுறியைக் காட்டின. அவ்வறிகுறி ஓரிரு படங்களோடு நின்றுவிடவும் இல்லை.

அன்று மேடையில் நேர்ந்தது இதுவேயென்று நிறுவ என்னால் முடியாது. கூச்சமும் சபையின் சிரிப்புங்கூட அதில் பங்கு கொண்டிருக்கலாம். ஆனால், "உள்ளுக்கு நிற்கிறது, வெளியில் வர விடுகிறதில்லை" என்று அந்தப் பிள்ளை சொன்னது, ஆய்வாளர் பல பக்கங்களிற் சொன்னதை ஒத்திருந்தது. தாய்மொழி அவனிடம் வலுவிழந்திருந்தமையால் அவன் தடுமாறினான் என்று நான் தீர்ப்பளித்தேன். அது வலுவாக இருந்தமையாலே தடுமாறியிருக்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

வீட்டிலும் வகுப்பிலும்

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஆய்வுகூடத்தில் அளக்கப்படும் இத்தாமதங்கள் ஒரு செக்கனின் சிறு பின்னங்களே. அவற்றைக்கொண்டு மாணாக்கருடைய மாலை நேரம் முழுவதற்கும் கணக்கெழுதுவது முறையன்று. பாடங்களை மாற்றிப் படிப்பதே தீது என்றும் கொள்ளவேண்டாம். ஒரே பாடத்தில் நெடுநேரம் அமர்ந்தால் சலிப்பு மிகும். பாடத்தை மாற்றலாம், ஆனால், நிமிடத்துக்கு நிமிடம் போய்வருதல் வேறு. கைத்தொலைபேசியை அருகில் வைத்துக்கொண்டு படிப்பவன், ஒவ்வொரு செய்திக்கும் ஒருமுறை போகிறான், ஒருமுறை வருகிறான். போகும்போதும் ஆயம், வரும்போதும் ஆயம்.

அடுத்து, போகுமுன் ஒரு குறி எழுதிவைத்தல். முடியாத வேலையை விட்டுச் செல்பவருடைய கவனத்தில் ஒரு பகுதி அவ்வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோபி லெரோய் என்பவர் 2009இற் காட்டினார். அவரும் தெரேசா குளோம்ப் என்பவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, எந்த இடத்தில் நிற்கிறோம், திரும்பியதும் முதலிற் செய்யவேண்டியது யாது என்பதைச் சுருக்கமாகக் குறித்துவிட்டுச் செல்வதனால் இக்கவனச்சிதறல் குறைகிறது என்று கூறுகிறது. ஸ்பெக்டரும் பீடர்மனும் எண்களுக்கருகே எழுதிய குறியும் இதனையொத்ததே. கணிதக் கொப்பியை மூடுமுன், "அடுத்த படி: இரு பக்கத்தையும் வகையிடுக" என்று ஓரத்தில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரஞ் செல்லும்? திரும்பி வரும்போது அந்த ஒரு வரியே கதவின் திறப்பாகும்.

மூன்றாவது, பெற்றோர்க்கும் என் போன்ற ஆசிரியர்க்கும் உரியது. வேறொரு வேலையிலிருந்து திரும்பிய பிள்ளையை முதற் சில நிமிடங்களில் அளந்து தீர்ப்புக் கூறாதீர்கள். அந்த வெறித்த பார்வை மறதியன்று, சோம்பலுமன்று. தாழ்ப்பாள் தளரும் நேரம் அது. கடைசியாகச் செய்த கணக்கை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பின்னர் ஒதுங்கி நில்லுங்கள். கடிதம் எழுதிய தாயாருக்கு என் மறுமொழியும் இதுவே. உங்கள் மகளுடைய மனம் தன் கதவுகளைச் சாத்தத் தெரிந்த மனம்.

அந்த மாணவன் இப்போது தொழில் பார்க்கிறான். சென்ற தை மாதம் நற்சான்றிதழ் ஒன்று வாங்கக் கல்லூரிக்கு வந்திருந்தான். நான் அவனை ஆசிரியர் அறைக்கு அழைத்து, மற்ற ஆசிரியர்கள் கேட்கவே, "அன்று நீ சொன்னது சரி, தம்பி, நான் சொன்னதுதான் பிழை" என்றேன். "அதெல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன், சேர்" என்று சிரித்தான். ஆனால், எந்த நாளைப்பற்றிச் சொல்லுகிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை.

இவ்வாண்டு தொடக்கம் எங்கள் கல்லூரியில் ஆங்கிலப் பேச்சுக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் இடையில் அரைமணி நேரத் தேநீர் இடைவேளை விடப்படுகிறது. இரண்டிலும் பேசும் மாணாக்கர் அந்த நேரத்தில் மாமர நிழலில் நின்று, தமிழ் நூலொன்றை உரக்கப் படித்துக்கொண்டிருக்கக் காணலாம். அதிபர் காரணங் கேட்டபோது, பழைய கடனொன்று என்று மட்டும் சொன்னேன்.